‘எம்’ இருக்கா, பாருங்க!

கே: விஸ்காம் முதலாண்டு. சீக்கிரம் கேமரா வேண்டும் என்கிறார்கள். என்னிடம் 20 ஆயிரம்தான் இருக்கிறது. எதை வாங்குவது?
- மாணவி, பாளையங்கோட்டை

ப: அந்தத் ‘தான்’ஐ முதலில் வெட்டு, மா. புதுசு வாங்கப் போனால் 20 ஆயிரம் பற்றாத காசு. பழசு வாங்கப் போனால் கடைக்காரரை நிற்கவைத்துப் பேரம் பேசும் காசு.

கேனான் 1300டி அல்லது நிக்கான் டி3300. 18-55 கிட் லென்ஸோடு, நல்ல நிலையில் எது முதலில் சிக்குகிறதோ அது. முன்னது 2016இல் வந்தது, 18 மெகாபிக்சல். பின்னது 2014, 24 மெகாபிக்சல். வகுப்புக்குத் தேவை மூன்றே சங்கதி: டயலில் ‘எம்’ என்ற எழுத்து (மேனுவல், எல்லாவற்றையும் நீயே கையால் மாற்றுவது), ‘ரா’ கோப்பாக (சென்சார் பதிந்ததை அப்படியே) சேமிக்கும் வசதி, கழற்றி மாட்டும் லென்ஸ். இரண்டிலும் மூன்றும் உண்டு.

காசு மிச்சமானால் பஸ் ஏறு. தாமிரபரணிக் கரை நெடுகப் படம் கிடக்கிறது.

கே: மகன் 80 ஆயிரம் ரூபாய்க்குக் கேமரா கேட்கிறான். அதற்குக் குறைந்தால் படமே வராதாம்.
- தந்தை, கரூர்

ப: உட்காரவைத்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “20 ஆயிரம் ரூபாய் கேமராவுல இல்லாத எந்த வசதி உனக்கு வேணும்? அதை வச்சு என்ன படம் எடுப்பே?” தடுமாறாமல் பதில் சொன்னால் வாங்கிக் கொடுத்துவிடுங்கள், பையன் தேறிவிட்டான். “கெத்தா இருக்கும்பா” என்றால் உங்களுக்கு 60 ஆயிரம் மிச்சம்.

கூடவே ஒரு தகவல். 2003இல் கேனான் 300டி வந்தது. ஆயிரம் டாலருக்குள் கிடைத்த முதல் டிஎஸ்எல்ஆர். 6.3 மெகாபிக்சல். அந்தக் காலத்து ஆறு மெகாபிக்சல் கேமராக்களில் எடுத்த கல்யாண ஆல்பத்தை இன்றைக்கும் விருந்தாளி வந்தால் விரித்துக் காட்டுகிறார்கள். யாரும் மெகாபிக்சல் கேட்டதில்லை, “இந்தப் பச்சைப் புடவை யாரு?” என்றுதான் கேட்கிறார்கள்.

கே: கேனானா, நிக்கானா?
- மாணவர், கோவை

ப: பக்கத்து பெஞ்சுக்காரன் வைத்திருப்பது. லென்ஸ் இரவல் வாங்கலாம்.

கே: என் போனில் 108 மெகாபிக்சல். 24 மெகாபிக்சல் கேமரா எதற்கு?
- மாணவர், வேலூர்

ப: அந்த 108இல் ஒன்பது ஒன்பதாகச் சேர்த்து ஒன்றாக்கி, சாதாரணமாக 12 மெகாபிக்சல் படத்தைத்தான் போன் உன் கையில் கொடுக்கிறது. அமைப்பில் போய்ப் பார், தெரியும்.

சங்கதி அதுவல்ல. வகுப்பில் “எஃப் 8 வை” என்பார்கள். பெரும்பாலான போன்களில் லென்ஸ் துளை மாறாது. எதைத் திருப்புவாய்?

ஆனாலும் கேமரா கைக்கு வரும்வரை போனைச் சும்மா விடாதே. ‘ப்ரோ’ பகுதியில் ஷட்டர், ஐஎஸ்ஓ இரண்டையும் நீயே மாற்றலாம். மூன்று பாடத்தில் இரண்டு முடிந்தது.

கே: எத்தனை மெகாபிக்சல் இருந்தால் போதும்?
- வாசகர், மதுரை

ப: ரெக்கார்டில் ஒட்டும் படம் 6க்கு 8 அங்குலம். அங்குலத்துக்கு 300 புள்ளி என்று பெருக்கினால் 1800க்கு 2400. நாலரை மெகாபிக்சல்கூட வரவில்லை. 24 மெகாபிக்சலில் 20 அங்குல அகலப் பிரிண்ட் போடலாம். அதை ஒட்ட ரெக்கார்டு நோட்டு பற்றாது, ஹெச்ஓடி அறைச் சுவர் வேண்டும்.

கே: பழைய கேமராவை எப்படிச் சோதித்து வாங்குவது? ஏமாந்துவிடுவோமோ என்று பயமாக இருக்கிறது.
- மாணவி, ஈரோடு

ப: பயம் நல்லது, கூடவே ஒரு டார்ச் லைட்டும் எடுத்துக்கொள்.

லென்ஸைக் கழற்றச் சொல். பின்பக்கமிருந்து டார்ச் அடித்து முன்பக்கமாகப் பார். தூசு நாலு தெரிந்தால் பரவாயில்லை. வெள்ளை இழைகள் கிளை விட்டிருந்தால் பூஞ்சை. அந்த லென்ஸை விலை பேசவே பேசாதே, நம்மூர் ஈரத்தில் அது வளரும்.

அடுத்து உன் மெமரி கார்டை உள்ளே போடு. கடைக்காரர் கார்டு வேண்டாம். எஃப் 16 வைத்து வானத்தையோ வெள்ளைச் சுவரையோ ஒரு படம் எடு. திரையில் பெரிதாக்கி மூலை மூலையாகப் பார். கரும்புள்ளி தெரிந்தால் சென்சாரில் அழுக்கு. துடைக்கலாம், ஆனால் துடைக்கும் கூலியை விலையில் கழி. கீறல் என்றால் எழுந்து வா.

பிறகு பொத்தான் எல்லாவற்றையும் ஒரு தடவை அமுக்கு. டயலைச் சுற்று. பிளாஷ் எழும்புகிறதா? பேட்டரி மூடி நிற்கிறதா? அரை அழுத்தத்தில் ஃபோகஸ் பிடிக்கிறதா? ஷட்டரை ஒரு நொடிக்கு வைத்து, ஆயிரத்தில் ஒரு நொடிக்கு வைத்து, இரண்டிலும் படம் வருகிறதா? பிடி ரப்பர் பிசுபிசுத்தால் வெயிலில் காரில் கிடந்த கேமராவாக இருக்கலாம்.

இவ்வளவும் செய்ய அரை மணி நேரம் ஆகும். “சீக்கிரம்மா, அடுத்த பார்ட்டி வெயிட்டிங்” என்றால் அடுத்த பார்ட்டியே வாங்கிக்கொள்ளட்டும்.

கே: ‘ஷட்டர் கவுண்ட்’ என்கிறார்களே, எத்தனை வரை வாங்கலாம்?
- வாசகர், சேலம்

ப: தொடக்கநிலை நிக்கான்களின் ஷட்டரை ஒரு லட்சம் கிளிக் அளவுக்குச் சோதித்து விடுகிறார்கள். அதைத் தாண்டியும் ஓடும், அதற்கு முன்பே படுத்துக்கொள்ளவும் செய்யும். 30 ஆயிரத்துக்குள் என்றால் தைரியமாக வாங்கலாம்.

நிக்கானில் எடுத்த படத்தின் உள்விவரத்திலேயே அந்த எண் ஒளிந்திருக்கும், கணினியில் பார்க்கலாம். கேனானின் தொடக்கநிலைக் கேமராக்கள் படத்தில் அதை எழுதுவதில்லை. விற்பவரின் தொழிலைக் கேள். கல்யாணத்துக்கு இரண்டாயிரம் கிளிக் என்று வைத்தால் ஐம்பதாவது முகூர்த்தத்தில் லட்சம் முடிந்தது. மொட்டை மாடியில் பூ மட்டும் எடுத்த அரசு ஊழியரின் கேமரா கிடைத்தால் விடாதே.

கே: டிஎஸ்எல்ஆர் செத்துவிட்டது, மிர்ரர்லெஸ்தான் எதிர்காலம் என்கிறார்களே?
- மாணவர், சென்னை

ப: உண்மைதான். கேனானும் நிக்கானும் 2020க்குப் பிறகு புது டிஎஸ்எல்ஆர் எதையும் இறக்கவில்லை. ஆனால் நிக்கானின் லென்ஸ் வாய் 1959இல் வந்தது, கேனானுடையது 1987இல். இத்தனை காலம் விற்ற லென்ஸெல்லாம் எங்கே போகும்? சந்தைக்குத்தான் வரும்.

ஊரே மிர்ரர்லெஸ் பக்கம் ஓடுகிறது. ஓடுகிறவர்கள் போட்டுவிட்டுப் போவதைப் பொறுக்கு தம்பி, எதிர்காலம் நீ படிப்பை முடிக்கும்வரை காத்திருக்கும்.

கே: இல்லை, புதுசுதான் வாங்குவேன். கேனான் ஆர்100 வாங்கலாமா? நிக்கான் இசட்30 வாங்கலாமா?
- மாணவி, புதுச்சேரி

ப: பிடிவாதம் பிடித்தால் ஆர்100. 2023இல் வந்தது, 24 மெகாபிக்சல். திரை திரும்பாது, தொட்டால் வேலை செய்யாது. ஆனால் கண்ணை வைத்துப் பார்க்க வ்யூஃபைண்டர் இருக்கிறது.

இசட்30இல் அது இல்லை. வீட்டுக்குள் வீடியோ எடுப்பவருக்கு அருமை. நீயோ உச்சி வெயிலில் கடற்கரைச் சாலையில் நிற்கப் போகிறவள். சித்திரை மாதத்தில் அந்தத் திரையில் தெரிவது உன் முகம் மட்டுமே.

கே: அப்பா கூலி வேலை. தவணையில் கேமரா வாங்கலாம் என்கிறார்கள் நண்பர்கள். வாங்காவிட்டால் வகுப்பில் தலைகுனிவாக இருக்கும்.
- மாணவர், தருமபுரி

ப: தவணை வேண்டாம், தம்பி. கற்றுக்கொள்ளும் கேமராவுக்கு வட்டி கட்டக் கூடாது. மாதம் பிறந்தால் அப்பா கை பிசைவதைப் பார்த்துக்கொண்டு எந்தப் பிள்ளைக்கும் ஃபோகஸ் நிற்காது.

முதலில் துறைத் தலைவரிடம் போ. விஸ்காம் துறை என்றால் துறைக்கென்று கேமரா இருக்க வேண்டும். பீரோவில் பூட்டியிருந்தால் கேட்டுத் திறக்க வை. எழுதிக் கொடு, நாலு பேர் சேர்ந்து கையெழுத்துப் போட்டுக் கொடு. அது நடக்கவில்லையா? இருவர் சேர்ந்து ஒரு கேமரா வாங்குங்கள், ஆளுக்கு ஒரு கார்டு. அதுவும் முடியாவிட்டால் பயிற்சி நாளுக்கு மட்டும் வாடகைக்கு எடு. பெரிய ஊர்களில் நாள் வாடகைக்குக் கொடுக்கிறார்கள்.

துறைத் தலைவர்களுக்கும் ஒரு வார்த்தை. கேமரா கட்டாயம் என்றால் அதைச் சேர்க்கைப் படிவத்திலேயே அச்சடியுங்கள். கட்டணம் கட்டி முடித்த பிறகு சொல்வது நியாயமில்லை. அப்படிச் சொன்னால் இல்லாத பிள்ளைக்குத் துறை தந்தாக வேண்டும்.

தலைகுனிவா? வ்யூஃபைண்டரில் பார்ப்பவன் யாரானாலும் தலையைக் கொஞ்சம் குனிந்தே ஆக வேண்டும்.

கே: மாணவர்கள் ஆளுக்கொரு கேமரா கொண்டுவருகிறார்கள். வகுப்பை எப்படி நடத்துவது?
- உதவிப் பேராசிரியர், திருச்சி

ப: 1976இலிருந்து 1997 வரை பென்டாக்ஸ் கே1000 என்று ஒரு ஃபிலிம் கேமரா விற்றது. உலகம் முழுக்கப் புகைப்பட வகுப்புகளில் அதைத்தான் வாங்கச் சொன்னார்கள். தானாகச் செய்யும் வசதி ஒன்றுகூடக் கிடையாது. பேட்டரி தீர்ந்தால் ஒளிமானி மட்டும் நிற்கும், ஷட்டர் நிற்காது.

உங்கள் வகுப்பையும் அந்த இடத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள். எல்லாக் கேமராவும் ‘எம்’, எல்லா லென்ஸும் 35 மி.மீ., எல்லாருக்கும் ஐஎஸ்ஓ 400. பதினைந்தாயிரமும் ஒன்றரை லட்சமும் ஒரே வரிசையில் உட்காரும். படத்தைத் திரையில் போடும்போது பேரைச் சொல்லாதீர்கள். எது எந்தக் கேமரா என்று கண்டுபிடிப்பவருக்கு டீ வாங்கிக் கொடுங்கள். உங்கள் காசு பத்திரம்.

கே: பின்னணி மங்கலாக, முகம் மட்டும் தெளிவாக வர என்ன லென்ஸ் வாங்குவது?
- மாணவர், திண்டுக்கல்

ப: முதல் நாள் எல்லாரும் கேட்கும் கேள்வி, நல்ல கேள்வியும்கூட. 50 மி.மீ. எஃப் 1.8. கிட் லென்ஸ் 55இல் 5.6 வரைதான் திறக்கும். 1.8 ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும்.

கேனான் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். நிக்கான் என்றால் கண்ணைத் திறந்து லென்ஸ் மேல் எழுதியிருப்பதைப் படி. டி3000, டி5000 வரிசைக் கேமராக்களின் உடம்பில் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. ‘ஏஎஃப்-எஸ்’ என்று போட்ட லென்ஸில் மோட்டார் இருக்கும்; வெறும் ‘ஏஎஃப்’ என்று போட்டு ‘டி’யில் முடிவதில் இருக்காது. விலை மலிவு என்று அதை வாங்கினால் ஆயுசுக்கும் கையால்தான் திருப்ப வேண்டும்.

வாங்கும்வரை ஒரு வழி: கிட் லென்ஸை 55இல் வை, ஆளுக்குக் கிட்டே போ, ஆளைச் சுவரிலிருந்து இருபதடி முன்னால் இழு. செலவு, இருபதடி.

கே: கண்ணாடி போட்டிருக்கிறேன். பழைய கேமராவில் வ்யூஃபைண்டர் மங்கலாகத் தெரிந்தது. வேண்டாம் என்று வந்துவிட்டேன். சரிதானே?
- மாணவி, கும்பகோணம்

ப: அவசரப்பட்டுவிட்டாய், மா. வ்யூஃபைண்டர் ஓரத்தில் குட்டியாக ஒரு சக்கரம் இருக்கும். கண்ணுக்குத் தக்கபடி பார்வையைச் சரிசெய்ய. முந்தைய சொந்தக்காரர் தன் கண்ணுக்குத் திருப்பி வைத்திருப்பார். உன் கண்ணுக்கு நீ திருப்பு.

கேனான் 3000டியில் அந்தச் சக்கரத்தையே எடுத்துவிட்டார்கள். லென்ஸ் மாட்டும் வளையத்தையும் பிளாஸ்டிக்கில் செய்தார்கள். அதை மட்டும் வேண்டாம் என்று வா. மங்கலாகத் தெரிந்த அந்தக் கடைக்குத் திரும்பிப் போ, விலை குறைந்திருக்கும்.

கே: பில் இல்லாமல் வாங்கினால் நாலாயிரம் குறைவு என்கிறார் கடைக்காரர்.
- வாசகர், திருப்பூர்

ப: கேமராவுக்கு ஜிஎஸ்டி 28 விழுக்காடாக இருந்தது. 2019 ஜனவரியிலிருந்து 18தான். அரசே பத்து விழுக்காட்டை விட்டுக்கொடுத்துவிட்டது, நீங்கள் வாரண்டியை விட்டுக்கொடுக்க வேண்டாம். திருட்டுப் போனால் காவல் நிலையத்தில் முதலில் கேட்பதும் அந்தக் காகிதத்தைத்தான்.

கே: 83 மடங்கு ஜூம் கேமராவில் நிலாவின் பள்ளமெல்லாம் தெரிகிறதே. அதை வாங்கிவிடட்டுமா?
- மாணவர், நாகர்கோவில்

ப: நிக்கான் பி900, 2015. பறவை பார்ப்பவர்களுக்குப் பிடித்த கேமரா. உள்ளே இருக்கும் சென்சாரோ டிஎஸ்எல்ஆர் சென்சாரின் பரப்பில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. லென்ஸ் கழலாது. ‘ரா’வும் கிடையாது. பௌர்ணமி மாதம் ஒரு நாள். வகுப்பு?

கே: “பொம்பளப் பிள்ளைக்கு இவ்ளோ கனமான கேமரா எதுக்கு?” என்கிறார் சித்தப்பா.
- மாணவி, விருதுநகர்

ப: 1300டி பேட்டரியோடு 485 கிராம். சித்தப்பா வீட்டுக்கு வாரச் சந்தையிலிருந்து காய்கறிப் பை தூக்கி வருவது யார் என்று முதலில் கேள்.

பிறகு ஹோமாய் வியாரவாலா பெயரைச் சொல். இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர். 1913இல் பிறந்தவர். சேலை கட்டிக்கொண்டு, ஸ்பீடு கிராஃபிக் என்கிற பெட்டிக் கேமராவைத் தூக்கிக்கொண்டு தில்லியில் நேருவையும் மவுண்ட்பேட்டனையும் படம் பிடித்தார். 2011இல் பத்ம விபூஷண். அவர் தூக்கிய கேமராவுக்குப் பக்கத்தில் உன்னுடையது தூசு. சித்தப்பாவையே முதல் மாடலாக நிற்க வை, கேமரா உன் தோளில் ஏறிவிடும்.

கே: லென்ஸில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க அரிசிப் பானைக்குள் வைக்கலாமா?
- வாசகர், நாகப்பட்டினம்

ப: அரிசியில் மாவு உண்டு. மாவு லென்ஸுக்குள் போனால் இரண்டு கோளாறு. காற்றுப்புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம், அவ்வளவுதான். பொட்டலம் நிறம் மாறினால் சூடாக்கிக் காயவைத்து மறுபடி போடுங்கள். தோல் பை அழகுதான், ஆனால் ஈரத்தைப் பிடித்து வைக்கும். கடலோர ஊரில் அதில் போட்டு மூடாதீர்கள்.

எல்லாவற்றையும்விட நல்ல மருந்து, வாரத்துக்கு நாலு நாள் வெளியே எடுப்பது. வேலை செய்கிற லென்ஸில் பூஞ்சைக்கு இடமில்லை.

கே: தாத்தாவின் ஆக்ஃபா கிளிக் 3 பரணில் கிடைத்தது. வகுப்புக்கு ஆகுமா?
- மாணவர், ஊட்டி

ப: வகுப்புக்கு ஆகாது. 120 ஃபிலிம், ரோலுக்கு 12 படம். இன்றைக்கு ரோல் வாங்கும் காசும் கழுவும் காசும் சேர்ந்தால் உன் மெஸ் பில் அம்பேல்.

உன் ஊரிலேயே ஃபிலிம் செய்தார்கள், தெரியுமா? இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், 1960இல் தொடங்கிய அரசு நிறுவனம். ‘இந்து’ என்ற பெயரில் அவர்கள் செய்த ஃபிலிமும் எக்ஸ்ரே தாளும் நாடு முழுக்கப் போயின. ஊருக்குள் அங்கே வேலை பார்த்தவர்கள் இருப்பார்கள். ஆக்ஃபாவை அவர்கள் கையில் கொடு, உன் டிஎஸ்எல்ஆரால் அவர்களைப் படம் எடு. செமஸ்டர் புராஜெக்ட் முடிந்தது.

கே: பெரிய கோயிலை முழுசாக எடுக்க வைடு லென்ஸ் வேண்டுமா?
- மாணவி, தஞ்சாவூர்

ப: உன்னிடம் 18 மி.மீ. இருக்கிறது. இரண்டு காலும் இருக்கின்றன. பின்னால் நட.

1858இல் லின்னேயஸ் ட்ரைப் என்கிற ராணுவ அதிகாரி அதே கோயிலுக்கு வந்தார். சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரர். விமானத்தின் அடியைச் சுற்றி ஓடும் கல்வெட்டுகள் ஒரு படத்தில் அடங்கவில்லை. லென்ஸை மாற்றவில்லை அவர். நகர்ந்து நகர்ந்து 21 நெகட்டிவ் எடுத்தார், அத்தனையையும் ஒட்டினார். நீளம் ஏறக்குறைய 19 அடி. காகித நெகட்டிவ் காலத்தில், மாட்டு வண்டிச் சாமானோடு!

நீயும் அதே சுவரை ஒட்டி நட. கிட் லென்ஸை 35இல் வை, ஒவ்வொரு படமும் மூன்றில் ஒரு பங்கு முந்தையதோடு சேரட்டும். ஒட்டும் வேலையைக் கணினி பார்த்துக்கொள்ளும். ஸ்டாண்டு வைக்க மட்டும் தொல்லியல் துறையிடம் அனுமதி வாங்கு.

கே: கேமராவில் வீடியோ 29 நிமிடம் 59 நொடியில் நின்றுவிடுகிறது. பழுதா?
- வாசகர், காஞ்சிபுரம்

ப: பழுதில்லை, வரி. அரை மணி நேரமும் அதற்கு மேலும் பதிவு செய்தால் ஐரோப்பாவில் அது வீடியோ கேமரா என்று கணக்காகிக் கூடுதல் சுங்கம் விழுந்துவந்தது. கம்பெனிகள் ஒரு நொடி முன்னதாகவே நிறுத்திவிட்டன. பிரஸ்ஸல்ஸில் போட்ட சட்டம், காஞ்சிபுரத்தில் முகூர்த்தத்தை வெட்டுகிறது.

கே: 512 ஜிபி மெமரி கார்டு 300 ரூபாய்க்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?
- மாணவர், சென்னை

ப: 512 என்பது ஸ்டிக்கரில். உள்ளே பதினாறோ எட்டோ இருக்கும். நிரம்பியதும் பழைய படத்தின் மேலேயே புதிதை எழுதும். செமஸ்டர் கடைசியில் திறந்து பார்த்தால் சாம்பல் கட்டம்தான். பில் தருகிற கடையில் ‘கிளாஸ் 10’ போட்ட 32 ஜிபி இரண்டு வாங்கு. ஒன்று போனாலும் பாதி பிழைக்கும்.

கே: கடையில் ட்ரைபாட், யுவி ஃபில்டர், பை, துடைக்கும் திரவம் எல்லாம் சேர்த்துத் தருகிறேன் என்கிறார்.
- வாசகர், தூத்துக்குடி

ப: அதற்குப் பதில் இரண்டாவது பேட்டரி கேளுங்கள். கொடுத்தால் வாங்குங்கள். தூசு ஊதும் ரப்பர் பந்து ஒன்று போதும். ஸ்டாண்டுக்கு இப்போதைக்குக் கட்டைச் சுவரும் இரண்டு நொடி டைமரும். சட்டை நுனியால் லென்ஸ் துடைப்பதை மட்டும் இன்றோடு விட்டுவிடுங்கள், உங்கள் ஊர்க் காற்றில் உப்பு இருக்கிறது.

கே: ஐஎஸ்ஓ 6400 போட்டால் படம் புள்ளி புள்ளியாக வருகிறது. கேமராவை மாற்றவா?
- மாணவி, கடலூர்

ப: இடத்தை மாற்று. நாற்காலியை ஜன்னலோரம் இழு. ஐஎஸ்ஓ தானாக 400க்கு இறங்கும். பாலு மகேந்திரா படங்களில் முகத்தின் ஒரு பக்கம் வெளிச்சமும் மறுபக்கம் நிழலுமாக இருக்குமே, பார். கிடைக்கிற ஒளியைத் தேடிப் போனவர் அவர். அவருக்கு வெளிச்சம் விற்ற அதே சூரியன் கடலூரிலும் கடை திறக்கிறது.

கே: 1980களின் நிக்கான் லென்ஸ் மலிவாகக் கிடைத்தது. டி3300இல் மாட்டினால் ஒளிமானி எதுவும் காட்டவில்லை. ஏமாந்தேனா?
- மாணவர், நாமக்கல்

ப: இல்லை, அதிர்ஷ்டக்காரன். லென்ஸ் பொருந்தும், ஃபோகஸும் ஒளியும் உன் பொறுப்பு. டயலை ‘எம்’மில் வை. நல்ல வெயிலில் எஃப் 16, ஐஎஸ்ஓ 100, ஷட்டர் நூறில் ஒரு நொடிக்குப் பக்கம். ஃபிலிம் காலத்தார் மனப்பாடமாக வைத்திருந்த வாய்ப்பாடு. மேகம் வந்தால் எஃப் 8. மர நிழலில் 5.6 வைத்துப் பார். எடுத்ததும் திரையில் ஒளிவரைபடத்தைப் பார், திருத்து.

ஒரு மாதம் இப்படிச் செய்தால், மற்றவர்கள் டயலைத் தேடும்போது நீ வானத்தைப் பார்த்தே எண் சொல்வாய். கெத்து என்றால் இதுதான்.

கே: கேமரா வாங்கியதும் கல்யாண ஆர்டர் பிடித்துப் போட்ட காசை எடுத்துவிடலாமா?
- மாணவர், ஓசூர்

ப: தாலி ஒரு தடவைதான் கட்டுவார்கள். உன் கேமராவில் கார்டு போடும் இடமும் ஒன்றுதான். அது படுத்துவிட்டால் பெண்ணின் அப்பாவுக்கு என்ன பதில் சொல்வாய்? முதல் வருடம் யாரிடமாவது லைட் பிடிக்கப் போ. பிரியாணியும் பாடமும் இலவசம்.

கே: மூன்று மாதமாக யூடியூபில் கேமரா விமர்சனம் பார்க்கிறேன். இன்னும் முடிவெடுக்க முடியவில்லை.
- வாசகர், அரியலூர்

ப: தொண்ணூறு தடவை விடிந்துவிட்டது, ஐயா. தொண்ணூறு காலை வெளிச்சம் போச்சு. சனிக்கிழமைக்குள் வாங்குங்கள்.

கே: உலகின் முதல் டிஜிட்டல் கேமரா எது? என் பழைய 18 மெகாபிக்சலை நண்பர்கள் கிண்டல் செய்கிறார்கள்.
- மாணவர், சிவகங்கை

ப: 1975. கோடாக் நிறுவனப் பொறியாளர் ஸ்டீவன் சாஸன் செய்தது. 0.01 மெகாபிக்சல், கறுப்பு வெள்ளை, எடை மூன்றரைக் கிலோவுக்கு மேல். ஒரு படம் கேசட்டில் ஏற 23 நொடி. உன்னுடையது அதைவிட 1800 மடங்கு. கிண்டல் செய்பவரிடம் அவர் எடுத்த படத்தைக் காட்டச் சொல், 23 நொடி பொறுத்துப் பார்.

கே: வாங்கிவிட்டேன்! பழைய டி3300, கிட் லென்ஸ், பில்லோடு. முதல் படம் எதை எடுக்கட்டும்?
- மாணவி, ராமநாதபுரம்

ப: சீரியல் நம்பரை. கேமராவின் அடியில் இருக்கும். போனில் எடுத்து, பில்லையும் சேர்த்து எடுத்து, அம்மாவுக்கும் ஒரு பிரதி அனுப்பு. முடிந்ததா? டயலை ‘எம்’முக்குத் திருப்பு. ஐந்தரைக்குப் பாம்பனில் வெளிச்சம் நன்றாக இருக்கும், பஸ்ஸைப் பிடி.